முடிச்சைப் பிடிச்சாத்தான் ரீமேக்

அக்கா மகன் சென்னையில் விஸ்காம் படிக்கிறான். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினான்: "மாமா, ஒண்ணு ரீமேக், இல்லன்னா பார்ட் டூ, அதுவும் இல்லன்னா ரீ-ரிலீஸ், இல்லன்னா பழைய ஹீரோவோட கம்பேக். புதுசா யோசிக்க ஆளே இல்லையா? நீங்க என்னடான்னா எல்லாத்தையும் முதல் நாளே போய்ப் பாத்துட்டு வர்றீங்க. இதுல எது நல்லது எது கெட்டதுன்னு எப்படிப் பிரிக்கிறீங்க?" பதில் அடிக்க ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. சரி, உட்கார்ந்து முழுசாகவே எழுதிவிடலாம் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

மாப்ள, முதலில் நம்ம ஊர்க் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா நீ கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் சேலத்தில் ஏற்காடு ரோட்டில் நிற்கிறது. அடிவாரம் போகிற வழியில் பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸோட வளைவை எத்தனை தடவை பார்த்திருப்பாய். உள்ளே இப்போது வீடுகள்தான், அந்த வளைவு மட்டும்தான் மிச்சம். உன் தாத்தா அங்கே செட் போடும் தச்சு வேலைக்குப் போனவர். முதலாளி டி.ஆர்.சுந்தரம் செட்டுக்குள் வருகிறார் என்றாலே ஆணி அடிக்கும் சத்தம்கூட ஒழுங்காகிவிடும் என்று சொல்வார். அந்த மனுஷன் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு நூறு படத்துக்கு மேல் எடுத்தார். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' 1938இல் இங்கேயிருந்துதான் போனது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இங்கேயிருந்துதான் வந்தது.

அந்த அலிபாபா புதுக் கதையா? இல்லை. அராபியக் கதை, ஊரறிந்தது. தமிழிலேயே 1941இல் என்.எஸ்.கிருஷ்ணன் நடித்து அதே பெயரில் ஒரு படம் வந்திருக்கிறது. இந்தியிலும் 1954இல் வந்துவிட்டது. கதை தெரியாதவன் யாருமில்லை என்று தெரிந்தேதான் சுந்தரம் அதை எடுத்தார். அவர் கையில் இருந்த புதுச் சரக்கு கலர். திருடர் குகைக்குள் குவிந்து கிடக்கும் தங்கத்தையும் நகையையும் கறுப்பு வெள்ளையில் காட்டினால் எல்லாம் சாம்பல் குவியல் மாதிரிதான் தெரியும். கலரில் காட்டினால்? எந்தக் கதைக்குக் கலர் தேவைப்படுகிறதோ அந்தக் கதையைப் பார்த்து எடுத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். கூடவே எம்.ஜி.ஆரும் பானுமதியும். பழைய கதையைத் திரும்ப எடுக்க அவரிடம் ஒரு காரணம் இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

அதே கம்பெனியின் இன்னொரு படம் 'உத்தம புத்திரன்', 1940. பி.யு.சின்னப்பா இரட்டை வேடம். தமிழில் முதல் இரட்டை வேடப் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கதையின் வேர் பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதை. அந்தக் காலத்தில் ஒரே ஆள் இரண்டு பேராக ஒரே ஃபிரேமில் நிற்க வேண்டுமென்றால் லென்ஸில் பாதியை மறைத்துக்கொண்டு எடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியைத் திறந்து மறுபடி எடுக்க வேண்டும். கேமரா ஒரு மயிரிழை அசைந்தால் போச்சு. 18 வருஷம் கழித்து, 1958இல், வீனஸ் பிக்சர்ஸ் சிவாஜியை வைத்து அதே பெயரில் அதை மறுபடி எடுத்தது. 'யாரடி நீ மோகினி', 'காத்திருப்பான் கமலக்கண்ணன்' எல்லாம் அதில்தான். அந்தப் படம் ஏன் நிலைத்து நின்றது தெரியுமா? 1940இல் இரண்டு பேராகத் தெரிவதே அதிசயம். 1958இல் அந்த அதிசயம் தீர்ந்துவிட்டது, அதனால் இரண்டு பேரும் இரண்டு விதமாக நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், பார்க்க வேண்டும். அதற்கு சிவாஜி கிடைத்தார். அந்தக் கெட்டவன் சிரிக்கிற தோரணைக்கும் நல்லவனுக்கும் நடுவில் ஒரு ஒப்பனை வித்தியாசமும் தேவைப்படாது.

நான் ரீமேக்கைப் பார்க்கும் விதம் இங்கேதான் பிறந்தது. முதல் படம் வந்ததற்கும் இரண்டாவது வருவதற்கும் நடுவில் வருஷங்கள் போயிருக்கும், அல்லது ஊர் மாறியிருக்கும், மொழி மாறியிருக்கும். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்தவன் ஜெயிக்கிறான். கம்பேக்குக்கும் அதே கணக்குதான், அதை அப்புறம் சொல்கிறேன்.

'சந்திரமுகி'யை எடுத்துக்கொள். 1993இல் ஃபாசில் எடுத்த மலையாள 'மணிச்சித்ரதாழ்', கேரளத்து தறவாட்டு வீடு, உள்ளே பூட்டிய அறை. அதில் பயத்துக்குக் காரணம் பேயில்லை, மொழி. மலையாளம் பேசிக்கொண்டிருக்கும் கங்கா திடீரென்று தமிழ் பேசுவாள், ஏன்னா அவள் தன்னை நாகவல்லி என்று நினைத்துக்கொள்கிறாள், அந்த நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. வீட்டுப் பெண்ணின் வாயிலிருந்து வீட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பாஷை வருகிறதே, அங்கேதான் முதுகு சில்லிடும். இப்போது இதை அப்படியே தமிழில் எடுத்தால் என்ன ஆகும்? தமிழ் வீட்டில் ஒரு பெண் தமிழ் பேசுவாள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பி.வாசு அந்த முடிச்சைப் பிடித்துவிட்டார். தமிழில் சந்திரமுகி தெலுங்கு பேசினாள், 'ரா ரா' என்று பாடினாள். இந்தியில் எடுத்தபோது அவள் வங்காளி ஆனாள். எல்லாமே ஒரே கதை, ஆனால் ஒவ்வொரு ஊரிலும் 'வெளியே இருந்து வந்தவள்' யார் என்று யோசித்திருக்கிறார்கள். இதைத்தான் நான் முடிச்சு என்கிறேன். காமெடி சீன் எத்தனை வேண்டுமானாலும் மாற்றிக்கொள், வடிவேலு பயப்படுகிற காட்சியைக் கூட்டிக்கொள், ரஜினிக்கு சண்டை வை, பரவாயில்லை. முடிச்சு அவிழக் கூடாது. 2023இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே அரண்மனை, அதே பெயர், அதே பாட்டின் நிழல் எல்லாம் இருந்தது. அந்த முடிச்சு இல்லை, அதனால்தான் எனக்கு ஒட்டவே இல்லை.

'பாபநாசம்' வேறு மாதிரி. 2013இல் 'த்ரிஷ்யம்' எடுத்த ஜீத்து ஜோசப்பேதான் 2015இல் தமிழிலும் எடுத்தார், காட்சிக்குக் காட்சி கிட்டத்தட்ட அதேதான். ஆனால் ஜெயமோகனின் நெல்லைத் தமிழ் வசனம் அந்தக் குடும்பத்தை வேறு குடும்பமாக்கிவிட்டது. கேபிள் டிவி நடத்தும் ஆள், நாலாம் கிளாஸோடு நின்ற ஆள், சினிமா பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்ட ஆள். மலையாளத்தில் அந்த ஆளின் பெயர் ஜார்ஜ்குட்டி, தமிழில் சுயம்புலிங்கம். ஜார்ஜ்குட்டி கடைசிவரை மனசுக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று மோகன்லால் முகத்தில் தெரியவே தெரியாது. சுயம்புலிங்கம் கடைசியில் பையனை இழந்த அந்த அப்பா அம்மா முன்னால் உடைகிறான், கமல் அந்த இடத்தில் தேம்பித்தேம்பி அழுதுவிடுகிறார். இதில் எது பெரிசு என்று என் கூட்டாளிகளோடு மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன். எனக்கு மோகன்லாலின் மௌனம்தான் ஒரு படி மேலே. ஆனால் தமிழ்ப் படத்தில் அந்த மௌனம் இருந்திருந்தால் நம்ம ஜனம் மனசாற வெளியே வந்திருக்காது என்றும் நினைக்கிறேன். சீனாவில் 2019இல் எடுத்த ரீமேக்கில் ஜார்ஜ்குட்டி இடத்தில் வருகிறவன் கடைசியில் போலீஸிடம் போய் ஒப்புக்கொண்டுவிடுகிறான். ஒரே கதைக்கு மூன்று ஊரில் மூன்று முடிவு. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாகப் போட்டுப் பார், உன் படிப்புக்கே உதவும்.

மோகன் ராஜாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 'ஜெயம்', 'எம்.குமரன்', 'உனக்கும் எனக்கும்', 'சந்தோஷ் சுப்ரமணியம்', 'தில்லாலங்கடி', எல்லாமே தெலுங்கிலிருந்து வந்தவை. ரீமேக் ராஜா என்றே கூப்பிட்டார்கள். அப்புறம் 2015இல் சொந்தக் கதையோடு 'தனி ஒருவன்' கொடுத்தார், அடுத்த வருஷமே அது தெலுங்குக்கு 'துருவா' என்று ரீமேக்காகப் போனது. இத்தனை வருஷம் வாங்கியவர் திருப்பிக் கொடுத்தார். ரீமேக் எடுத்துக்கொண்டிருந்தவருக்குப் புதுசாக யோசிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வாய்? அஞ்சு படத்தை அக்கக்காகப் பிரித்து மறுபடி மாட்டியவனுக்குத்தான் எந்த ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அந்த 'தனி ஒருவ'னில் வில்லன் அரவிந்த்சாமி. நீ பிறக்கும் முன்னால் 'ரோஜா', 'பம்பாய்' காலத்தில் தமிழ்நாட்டில் பெண்ணைப் பெற்ற வீடெல்லாம் மாப்பிள்ளை அரவிந்த்சாமி மாதிரி வேண்டும் என்றுதான் சொல்லும். உன் அம்மாவும் சொன்னாள், அதை நானே கேட்டிருக்கிறேன். பல வருஷம் சினிமாவை விட்டு ஒதுங்கியிருந்தவர் 2013இல் 'கடல்' மூலம் திரும்பினார், ஆனால் ஊர் பேசியது 'தனி ஒருவ'னுக்குத்தான். மறுபடி காதல் நாயகனாக வந்திருந்தால் பாவம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். அந்த அழகான, நம்பத் தோன்றுகிற முகத்தையே வில்லனுக்குக் கொடுத்ததுதான் மோகன் ராஜாவின் கெட்டிக்காரத்தனம். இந்த முகம் இப்படிச் செய்யுமா என்று நாம் 20 வருஷமாகச் சேர்த்துவைத்த நம்பிக்கையைக் காட்சிக்குக் காட்சி செலவழிக்கிறார். கம்பேக் என்றால் இதுதான் மாப்ள. ரசிகன் மனசில் பழைய உருவம் ஒன்று இருக்கிறது, அது ஒரு மூலதனம் மாதிரி. அதை வைத்து வியாபாரம் பண்ணத் தெரிய வேண்டும். 'எம்.குமரன்' படத்தில் நதியா அம்மாவாகத் திரும்பி வந்ததும் இந்தக் கணக்குதான்: 'பூவே பூச்சூடவா' சுட்டிப் பெண் வளர்ந்து அம்மாவானால் இப்படித்தான் இருப்பாள் என்று நம்மால் உடனே நம்ப முடிந்தது.

ரீமேக்கும் கம்பேக்கும் ஒரே படத்தில் சேர்ந்தது '36 வயதினிலே'. 2014இல் மஞ்சு வாரியர் கல்யாணத்தோடு விட்டுப்போன சினிமாவுக்குத் திரும்பிய மலையாளப் படம் 'ஹவ் ஓல்ட் ஆர் யூ'. அதை அதே இயக்குநர் ரோஷன் ஆண்ட்ரூஸ் மறு வருஷமே ஜோதிகாவை வைத்துத் தமிழில் எடுத்தார், ஜோதிகாவும் கல்யாணம், குழந்தைகள் என்று எட்டு வருஷம் போலத் திரையில் இல்லாதவர். கதையே வீட்டுக்குள் கரைந்துபோன ஒரு பெண் மொட்டை மாடியில் காய்கறி போட்டு மறுபடி எழுந்து வருவது. இரண்டு மொழியிலும் நடிகையின் சொந்த இடைவெளி அந்தக் கதாபாத்திரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வேறு யாராவது, இடைவெளியே இல்லாத ஒரு நடிகை, அதை நடித்திருந்தால் பாதிக்குப் பாதி போயிருக்கும். படம் பார்த்துவிட்டு உன் அத்தை மாடியில் ஆறு குரோ பேக் வாங்கி வைத்தாள், தக்காளி இன்னும் காய்க்கிறது.

சரி, இப்போது வடிவேலு. இதைத்தான் நான் ரொம்ப நாளாக எழுத நினைத்தது. 2011க்கு அப்புறம் அவர் திரையில் தெரிவது குறைந்துபோனது, நடுவில் சில படங்கள், அப்புறம் பெரிய இடைவெளி. அந்த நாளெல்லாம் ஊரே மீம் வழியாக அவர் முகத்தோடுதான் வாழ்ந்தது, ஆள் மட்டும் இல்லை. 2022 டிசம்பரில் 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' வந்தது. பெயரிலேயே பழைய பாத்திரம், பழைய உடம்புமொழி, பழைய ஓட்டம். முதல் நாள் போனேன். தியேட்டரில் அவர் வந்து நின்றதும் விசில் பறந்தது, பத்து நிமிஷத்தில் அடங்கிவிட்டது. அவர் 2006இல் செய்ததை மறுபடி செய்யச் சொல்லியிருந்தார்கள், அவருக்கும் நமக்கும் வயசானது யாருக்கும் நினைவில்லை.

ஆறு மாசம் கழித்து, 2023 ஜூன் கடைசியில் 'மாமன்னன்'. நம்ம சேலம் பக்கத்துக் கதை. படத்தில் காசிபுரம் என்று வரும், நம்ம காதில் ராசிபுரம் என்றுதான் விழும். அதில் அவர் ஒரு எம்.எல்.ஏ. பதவியில் இருந்தும், பெரிய வீட்டுக்காரர் முன்னால் நாற்காலியில் உட்காராமல் நின்றே பழகியவர். அவர் மகன் அங்கே வந்து, அப்பாவை உட்காரச் சொல்கிறான். அந்தக் காட்சியில் வடிவேலு ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை. கால் கொஞ்சம் மடங்குகிறது, மறுபடி நிமிர்கிறது, கண் நாற்காலியைப் பார்க்கிறது, எதிரில் இருப்பவனைப் பார்க்கிறது. அந்த உடம்பு வருஷக்கணக்காக நமக்கு அடிவாங்கியே சிரிப்பு காட்டிய உடம்பு. குனிந்து, நெளிந்து, ஓடி, விழுந்து. அதே குனிவு இங்கே அழுகையாக இருக்கிறது. எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார், இடைவேளை விளக்கு போட்டும் எடுக்கவில்லை. வெளியே தட்டுவடை செட் வண்டிக்கிட்ட நின்றபோது ஒருத்தரும் ஒருத்தரோடும் பேசவில்லை, செட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். இயக்குநர் மாரி செல்வராஜ் புதுசாக ஒரு வடிவேலுவைக் கொண்டுவந்தார் என்று எழுதினார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. இருந்த அதே வடிவேலுவைத்தான் காட்டினார், நாம் சிரித்த அதே இடத்தில் வேறு பக்கமிருந்து நிற்க வைத்தார்.

'இந்தியன் 2' ஏன் என்னைத் தொடவில்லை என்றும் இதே கணக்கில் சொல்லலாம். 1996இலேயே சேனாபதி கிழவர், சுதந்திரப் போராட்ட காலத்து ஆள். 2024இல் வருகிறார் என்றால் நூறைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த நூறு வயசு அந்த மனுஷனுக்கு என்ன செய்தது, தான் அன்றைக்குக் குத்திக் கொன்றதெல்லாம் ஊரை மாற்றியதா என்று அவர் ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசிப்பாரா, அதைக் காட்டினால் நான் நாலு தடவை பார்த்திருப்பேன். அதற்குப் பதில் அவர் அதே வர்மக் கலையோடு இன்னும் வேகமாகச் சுற்றுகிறார். நடுவில் போன 28 வருஷம் கணக்கில் வரவே இல்லை.

ரீ-ரிலீஸுக்கு நீ முகம் சுளிக்கிறாய், எனக்கு அதில் குறையே தெரியவில்லை. முன்பெல்லாம் பழைய படம் என்றால் தேய்ந்த பிரிண்ட், திரையெல்லாம் மழை பெய்யும், சத்தம் கரகரக்கும். இப்போது நெகட்டிவைச் சுத்தம் பண்ணி டிஜிட்டலாக்கிவிட்டால் ஒவ்வொரு தியேட்டருக்கும் பிரிண்ட் போடும் செலவே கிடையாது, பெரிய படம் இல்லாத வாரத்தில் தியேட்டருக்கும் பிழைப்பு. 2012இல் 'கர்ணன்' அப்படித்தான் மறுபடி வந்து நூறு நாளைத் தாண்டியது. 1964 படம்! எங்க அப்பா தன் கடைசி வருஷங்களில் தியேட்டரில் பார்த்த ஒரே படம் அதுதான், கண்ணன் தேரோட்டும் இடத்தில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

2024 ஏப்ரலில் 'கில்லி'க்குப் போனபோது தியேட்டரில் பாதிப் பேர் 2004இல் பிறந்திருக்கவே மாட்டார்கள். ஆனால் வில்லன் முத்துப்பாண்டி வாய் திறப்பதற்கு அரை நொடி முன்னால் மொத்த தியேட்டரும் அந்த வசனத்தைச் சொல்லிவிடுகிறது. 'அப்படிப் போடு' வந்ததும் முன்வரிசையெல்லாம் காலி, எல்லாரும் திரைக்கு முன்னால். கில்லியும் ரீமேக்தான், தெலுங்கு 'ஒக்கடு', அதிலும் பிரகாஷ்ராஜ்தான் வில்லன். இயக்குநர் தரணி சார்மினார் இருந்த இடத்தில் கலங்கரை விளக்கத்தை வைத்தார், கர்நூலை மதுரையாக்கினார், பிரகாஷ்ராஜின் 'செல்லம்' என்ற ஒரு வார்த்தையை ஊரே வீட்டுக்கு எடுத்துப் போகும்படி செய்தார். ரீமேக் என்று யாராவது அன்றைக்கு அந்தத் தியேட்டரில் நினைத்திருப்பார்களா? இருபது வருஷத்தில் அது முழுசாக நம்ம சொத்தாகிவிட்டது.

பாட்டுகள் திரும்பி வருவதை நீ கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. 1991 'குணா'வின் 'கண்மணி அன்போடு காதலன்' 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தில் குழிக்குள் விழுந்த நண்பனுக்காக ஒலித்தபோது, அது காதல் பாட்டு என்பதே மறந்துபோனது. அதே ஆண்டு 'லப்பர் பந்து'வில் விஜயகாந்தின் 'பொன்மனச் செல்வன்' பாட்டு வந்தது, அவர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, திரையில் கிரிக்கெட் பேட்டோடு வேறு யாரோ வருகிறார், கீழே நாங்கள் கேப்டனுக்காகக் கத்திக்கொண்டிருக்கிறோம். பழைய பாட்டை ரீமிக்ஸ் பண்ணி டிரம்ஸ் கூட்டுவதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

நீ குறும்படம் எடுக்கப்போவதாகச் சொன்னாயே, என் ஆசை ஒன்று சொல்கிறேன். மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் எடுத்த 'திகம்பர சாமியார்' பார். நம்பியார்தான் அதில் கதாநாயகன், பிற்காலத்து வில்லன் நம்பியார் இல்லை. ஊரை ஏய்க்கும் ஒரு வக்கீலைத் துப்பறிகிற சாமியார், வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறார், ஒவ்வொன்றுக்கும் நடையும் குரலும் வேறு. இதை இன்றைக்கு எடுக்க வேண்டுமென்றால் முடிச்சு மாறுவேஷத்தில் இருக்கிறது. மூலைக்கு மூலை கேமரா, கையில் ஆதார், முகத்தைக் காட்டினால் திறக்கிற போன். இந்தக் காலத்தில் ஒரு மனுஷன் வேறு ஆளாக எப்படி மாறுவான்? ஒட்டுத்தாடி வேலைக்கு ஆகாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தால் உடனே எனக்குப் போன் பண்ணு, நடு ராத்திரியானாலும் சரி. லீவுக்கு வரும்போது பெரிய கேமராவையும் எடுத்துக்கொண்டு வா, முதல் ஷாட்டை அந்த வளைவுக்குக் கீழேயே வைக்கலாம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் வெயில் சரியாக அந்த எழுத்து மேல் விழும்.